ஒழுகும் விடுதியும் வெள்ளைக் காக்காவும்

ஜூன் 2, திங்கள்

மிது தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் இதை எடுத்தேன். எம்.எஸ்சி. படிக்கும்போது தினமும் எழுதுவேன். கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான். இது அவருடைய மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் முதலாளி சிரிக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதின்மூன்று நாளாகிறது. மூளைக் காய்ச்சல் என்ற வார்த்தையை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நான் எழுதுவதும் இதுவே கடைசி.

அங்கே பதினோராம் நாள்தான் மிது முதலில் சிரித்தாள். வார்டு நர்ஸ் தன் போனில் ஒரு களிமண் பொம்மைப் படம் போட்டுக் காட்டினாள். இங்கிலாந்துக்காரர்கள் எடுத்தது. எப்போதும் மழை பெய்கிற ஒரு கடற்கரை ஊர். அதில் கூரை ஒழுகும் ஒரு சின்ன விடுதி. நடத்துவது ஒரு குண்டுப் புருசனும் ஒல்லிப் பெண்டாட்டியும். ஒழுகுவது விருந்தாளிகளுக்குத் தெரியக் கூடாதென்று புருசன் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சட்டி வைத்துக்கொண்டே ஓடுவார். அந்தச் சட்டிகளை ஒரு கடற்பறவை ஒவ்வொன்றாகத் திருடிக்கொண்டு போகும். கடைசியில் விருந்தாளியின் வழுக்கைத் தலையில் சொட்டும். விருந்தாளி மேலே பார்ப்பார். புருசன் பெண்டாட்டியைப் பார்ப்பார். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அவ்வளவுதான் கதை. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. புருவம் ஏறும், இறங்கும்.

மிது அந்தப் பறவைக்கு வெள்ளைக் காக்கா என்று பேர் வைத்தாள். கையில் ஊசியோடு, வறண்ட உதட்டோடு, சிரித்தாள். பதினோரு நாளில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 5, வியாழன்

மாவு அதிகம் புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

மிதுவுக்கு நடை தள்ளாடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். விளக்கை அணைத்தால் உட்கார்ந்துவிடுகிறாள். படுத்தே கிடந்த உடம்பு, கால் தேற நாளாகும்.

சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். விளையாட்டு மும்முரத்தில் வரவில்லை. தண்ணீர்ச் செம்பு கை தவறித் தரை அதிர விழுந்தது. உடனே திரும்பினாள். கூப்பிட்டால் வராமல் இருக்கும் திமிர் அப்படியே அவள் அப்பா.

ஜூன் 9, திங்கள்

குக்கருக்குப் புது வால்வு வாங்க வேண்டும். துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அவருக்கு லீவு. டிவியில் போனை இணைத்துக் கொடுத்தார். மூன்று பேரும் கட்டிலில் சாய்ந்து வெள்ளைக் காக்கா பார்த்தோம். சத்தம் எப்போதும் போல வீதிக்கே கேட்கும். மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் இடத்தில் பதினாலு வருடமாக நிற்கிறவர், அவருக்குச் சத்தம் அப்படித்தான் வைக்க வேண்டும்.

இந்தப் படத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று தேடிப் படித்திருக்கிறார்.

"ஒரு போட்டோ எடுப்பாங்களாம். பொம்மையோட கையக் கடுகளவு நவுத்துவாங்களாம். மறுக்கா ஒரு போட்டோ. நாள் முச்சூடும் வேல செஞ்சா ரெண்டு, மூணு செகண்டுதான் தேறுமாம், கௌசி. நம்ம மில்லுல இந்த புரொடக்சன் காட்டினா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க."

"அதுக்குப் பேசாம கார்ட்டூன் வரைஞ்சுட்டுப் போலாமுல்லங்?"

"அதுல இது இருக்காதே" என்று படத்தை நிறுத்திக் காட்டினார். குண்டுப் புருசனின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. யாரோ அழுத்தி நகர்த்திய கை. அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓடும்போது அந்த ரேகைகள் தோலுக்குள் எறும்பு ஊர்வது போல நெளிகின்றன. யாரோ ஒருவர் கை இந்த முகத்தைச் சிரிக்க வைக்க நாளெல்லாம் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. இப்போதெல்லாம் எதற்கும் கலங்குகிறது.

எல்லாரும் ஒரே இடத்தில் சிரிக்கும் படம் வீட்டில் வேறு எதுவும் இல்லை. அவருக்குப் பிடித்தது எனக்குச் சண்டை, எனக்குப் பிடித்தது அவருக்குத் தூக்கம். இதில் மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிறோம். மூன்று வயதுக்காரிக்கு, சட்டி தலையில் விழுவது. எங்களுக்கு, அதன் பிறகு அந்தப் புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது.

மிது ஒரு இடம்கூடத் தவறவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

டிஸ்சார்ஜ் பைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. இன்றோடு நான்கு வாரம். நான்கு வாரத்தில் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. அச்சடித்த தாள்தான், டிக் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் போடுவதாகத்தான் இருக்கும்.

மழை வரும்போலிருந்தது. கோயமுத்தூர் வரை குழந்தையைக் காற்றில் கொண்டுபோக வேண்டாமென்று விட்டுவிட்டேன். மழை வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நங்கையா வந்திருந்தார். மிது அப்பாவின் அக்கா. அங்கன்வாடி டீச்சர், இருபது வருடமாகக் குழந்தைகளோடு இருக்கிறவர். கொய்யாப்பழமும் முறுக்கும் கொண்டுவந்தார்.

மிது ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நங்கையா பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் கையைத் தட்டினார். அப்புறம் தட்டத்தில் கரண்டியால் ஒரு தட்டு. மிது கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அம்மிணி, புள்ளைக்குக் காது…"

"விளையாடிட்டு இருக்கறாளுங் நங்கையா. கூப்பிட்டா வர மாட்டா. உங்க தம்பி மாதிரி."

"அதில்ல சாமி. எங்க சென்டர்ல போன வருசம் இப்படித்தான் ஒரு பையன்…"

"டிவி போட்டா எப்படிச் சிரிக்கறாள்னு பாருங். கேக்காத புள்ளை சிரிக்குமாங்?"

போட்டேன். வெள்ளைக் காக்கா சட்டியைத் தூக்கியது. மிது விழுந்து விழுந்து சிரித்தாள். நங்கையா டிவியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி அம்மிணி. எதுக்கும் ஒருக்காக் காட்டிருங்க" என்று எழுந்தார்.

படிக்காத பெண்ணா நான்? என் குழந்தையைப் பற்றி எனக்குத் தெரியாதா? முறுக்கு நமுத்திருந்தது.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவரும் மிதுவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காபியோடு போனேன். சத்தமே இல்லை. திரையில் விடுதிக்காரர் சட்டிகளோடு வழுக்கி விழுகிறார், மிது கை கொட்டிச் சிரிக்கிறாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. மிதுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் சத்தம் வந்துவிட்டது. ரிமோட் அவர் தொடைக்கு அடியில் இருந்தது. உட்கார்ந்ததில் ஏதோ அழுந்தியிருக்கும்.

காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். இரண்டு ஸ்பூன் போட்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாக மிதுவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேண்டியிருந்தேன். பிழைத்து வந்தால் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, என் தம்பி மடியில் வைத்துக் காது குத்துகிறேன் என்று. தினகரன் மஸ்கட்டிலிருந்து ஆவணியில் வருகிறான். டிக்கெட் போட்டாயிற்று. ஆகஸ்ட் 29, வெள்ளி.

எல்லாம் அது முடிந்த பிறகுதான். ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும்போது குழந்தையை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. அதோடு, யாராவது ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால்? இரண்டு பக்கத்து ஜனமும் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், "காது கேக்காத புள்ளைக்குக் காது குத்தறாங்க" என்று ஒரு வாய் சொன்னால் போதும். அப்புறம் மிதுவுக்கு வாழ்நாளெல்லாம் அதுதான் பேர்.

அவரிடம் சொன்னேன். "எல்லாம்னா என்னது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங், சும்மா செக்கப்புதானுங்" என்றேன். காலண்டரில் தேதியைப் பார்த்துவிட்டு, "சரி, முடியட்டும்" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

மிது இப்போது அதிகம் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாள். 'தண்ணி' இப்போது 'அண்ணி' ஆகிவிட்டது. 'பால்' என்பது வெறும் 'பா'. ஆஸ்பத்திரிக் குழந்தைகள் கொஞ்ச நாள் பின்னால் போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

அவரோடு மட்டும் சரளமாகப் புழங்குகிறாள். மில்லில் மிஷின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கை ஜாடை உண்டு. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. விரல்களைச் சுழற்றிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கை கன்னத்தில் போனால் ஷிப்டு முடிந்தது. இதையெல்லாம் அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளும் அவரைப் பார்த்ததும் இரண்டு விரலை உதட்டில் வைத்துப் பால் கேட்கிறாள்.

இன்றைக்கு என் மடியில் உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அம்மா, பேசு" என்றாள். பேசினேன். கதை சொன்னேன். பாதியில் என் வாயைக் கையால் மூடி, மறுபடி, "பேசு" என்றாள். இப்படி நாலைந்து தடவை. நல்ல விளையாட்டு.

அவர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள்: "அம்மா பொம்மையாயித்தா."

"என்ன பொம்மை சாமி?"

டிவியைக் காட்டினாள்.

அவர் சட்டைகூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போனார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பத்திரிகை வந்துவிட்டது. மிதுனாவின் காதணி விழா என்று தங்க எழுத்து. நூற்றைம்பது. எல்லாருக்கும் நேரில் போய் வைக்க வேண்டும். நங்கையா வீட்டுக்கு அவரை மட்டும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன்.

மொட்டை போடும்போது மிது அழவில்லை. சந்தனம் தடவிய தலையோடு தினகரன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது யாரோ முன்கூட்டியே சரவெடியைப் பற்ற வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால், பத்தடியில். நானே துள்ளிவிட்டேன். தினகரன் உடம்பு தூக்கிப் போட்டது. கூட்டத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. பெரிய மாமியார் ஒருத்தி கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே போட்டாள். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு.

மிது திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தலையில் சொட்டு விழுந்த விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. அத்தனை சத்தத்தின் நடுவில் அவள் ஒருத்தி மட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பாருங், எத்தன தைரியம்! மாமன் மடியில உக்காந்தா பயம் இருக்குமா?" என்றார் யாரோ. தினகரன் சிரிக்கவில்லை. குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினான். மறுபடி சொடுக்கினான்.

"கௌசி?" என்றான்.

நான் ஆசாரியைப் பார்த்து, "நேரமாகுதுங், குத்துங்" என்றேன்.

ஊசி இறங்கியதும் அழுதாள். ஏற்ற இறக்கமில்லாத ஒரே நீளமான அழுகை. அது என் குழந்தையின் குரல் இல்லை. இரண்டு மாதமாக அது மாறிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை என்று இந்த டைரியில்கூட எழுத முடியாது.

பந்தியில் அவர் சாப்பிடவில்லை. என் பக்கத்தில் வந்து, "திங்கக்கிழமை கோயமுத்தூர் போறோம்" என்றார். சரிங் என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். கம்மல் புண்ணில் படாமல் அந்தப் பெண் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். திரையில் கோடு ஓடியது. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கோடு நேராகவே ஓடியது.

நாளை மறுநாள் ஸ்கேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து நத்தை ஓடு போல ஒன்றைக் காட்டினார். "மூளைக் காய்ச்சல் வந்த குழந்தைங்க சிலருக்கு, உள்காதுல இருக்கற நீர் வத்தி எலும்பு வளர ஆரம்பிச்சிடும்மா. சில மாசத்துல மூடிக்கும். நடை தள்ளாடறதும் இந்த உள்காதாலதான். மூடறதுக்குள்ள காக்ளியர் கருவியோட கம்பிய உள்ள வச்சுட்டா நல்லாக் கேக்கும். அதனாலதான் நாலு வாரத்துல டெஸ்ட் பண்ணச் சொல்றது."

வலது காதில் நத்தை முழுதும் எலும்பின் வெள்ளை. அதில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இடது காதில் பாதி. கம்பி எவ்வளவு தூரம் போகும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். அதையும் இந்த மாதமே செய்ய வேண்டுமாம்.

"நீங்க எப்ப கவனிச்சீங்க?"

"போன வாரமுங்க" என்றேன்.

அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டோக்கனை மடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனா மூடியைப் போட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலாம். "சரி, இனி நடக்க வேண்டியதப் பாப்போம்" என்றார்.

ஜூன் 9, திங்கள். குக்கர் வால்வு வெடித்தது. பருப்பு மேற்கூரை வரை அடித்தது. மாடி வீட்டுக்காரர் பதறி இறங்கி வந்தார். மிது அடுப்புக்கு நாலடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தோளில் பருப்பு வந்து விழுந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே பார்த்தாள், எங்கே ஒழுகுகிறது என்று.

நான் சுவரைத் துடைத்தேன். துணி துவைத்தேன். அன்றைக்கு வேறொன்றும் இல்லை என்று எழுதினேன்.

அன்றிலிருந்து எண்பது நாளைக்கு மேல் ஆகிறது. இடது காதில் அப்போது வெள்ளை இருந்திருக்காது.

செப்டம்பர் 5, வெள்ளி

அவரிடம் சொல்லிவிட்டேன். மதியம், மிது தூங்கும்போது. குக்கர், செம்பு, பீரோவில் பைல், நங்கையா, எல்லாம். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்ததில்லை, ஆனாலும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?"

கம்பியை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

"பதினாலு வருசம் மில்லுல நிக்கறேன். காது போனவன் எங்க பாப்பான்னு எனக்குத் தெரியாதா? கண்ணப் பாக்க மாட்டான், வாயப் பாப்பான். ஆஸ்பத்திரிய விட்டு வந்த மறு வாரமே அவ என்ற வாயப் பாத்தா. டிவிய ஊமையாக்கிப் போட்டுப் பாத்தேன். ஒரு தடவ இல்ல. தெனமும்."

"அப்புறம் ஏனுங் சொல்லுல?"

"நீ சிரிச்சுட்டு இருந்த கௌசி. ஆஸ்பத்திரில பதினெட்டு நாள் உன்ற மூஞ்சியப் பாத்தவன் நான். அதப் போட்டா நீயும் அவளும் சேந்து சிரிச்சீங்க. நான் சொல்லி அது நின்னு போச்சுன்னா…" மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு வாரம்னு எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கோணும். கேக்குல."

பைலை ஒளித்து வைத்தது நான். டிவியை ஊமையாக்கியது அவர். ஒழுகும் கூரைக்கு அடியில் ஆளுக்கொரு சட்டியோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மூன்று மாதம் ஓடியிருக்கிறோம். அந்தப் படத்தில் அதைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

செப்டம்பர் 10, புதன்

ஆபரேஷன் 15ஆம் தேதி, திங்கள்.

மிதுவுக்கு எப்படிச் சொல்வது? மறுபடி அந்த வாசனை, ஊசி, கண்ணாடி. நாங்கள் வெளியில் நிற்போம், உள்ளே முகமூடி போட்ட ஆட்கள், அவர்கள் வாய்கூடத் தெரியாது. விழிக்கும்போது தலையைச் சுற்றிக் கட்டு. ஏன் என்று கேட்க வார்த்தை குறைந்துகொண்டே வருகிறது. பதில் சொன்னாலும் போய்ச் சேராது. டீக்கும் நூல் அறுந்ததற்கும் ஜாடை இருக்கிறது. இதற்கு மில்லில் ஜாடை இல்லை.

நங்கையாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே, "பொறவு பேசிக்கலாம் சாமி. புள்ளைக்கு என்ன புரியுமோ அதுல சொல்லுங்க" என்றார்.

அவளுக்குப் புரிவது ஒன்றுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மைதாவில் உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்தேன். மஞ்சள் கொஞ்சம், குங்குமம் கொஞ்சம். மிது, நான், அவர், டாக்டர், வெள்ளைக் காக்கா. புருவத்துக்குக் கடுகு போதவில்லை, மிளகை உடைத்து வைத்தார். டாக்டருக்கு மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சில் வெள்ளைக் கோட்டு. தீப்பெட்டிதான் கார். போனை இரண்டு டம்ளருக்கு நடுவில் நிறுத்தினோம்.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது. கார் ஒரு விரல்கடை நகர பத்து போட்டோ. என் கை பட்டு டாக்டர் இரண்டு தடவை கவிழ்ந்தார். மாவு காயக் காயத் தண்ணீர் தொட்டுத் தடவ வேண்டும், தடவினால் மூக்கு சப்பையாகிவிடும்.

"மெதுவா, மெதுவா. கடுகளவுதான்."

"நவுத்துனதே தெரியிலீங்."

"தெரியக் கூடாது. சேத்துப் பாத்தாத்தான் தெரியும்."

மத்தியானம் ரசஞ்சோறு. மறுபடி உட்கார்ந்தோம். மிது மொட்டைத் தலையோடு எங்கள் நடுவில் மண்டியிட்டு, மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். அவள் பொம்மையை அவளே நகர்த்த வேண்டுமென்று அடம். நகர்த்தினாள். கன்னத்தில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. நான் அழிக்கப் போனேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நூற்று எண்பத்து நாலு போட்டோ. ஓட்டிப் பார்த்தால் பதினெட்டு நொடி. மிதுப் பொம்மை காரில் போகிறது. டாக்டர் தலையைத் தடவுகிறார். தூங்குகிறது. விழிக்கும்போது தலையில் பஞ்சுக் கட்டு. வெள்ளைக் காக்கா வந்து கட்டின் நுனியைப் பிடித்து இழுக்கிறது, அப்பாப் பொம்மை துரத்துகிறது, வழுக்கி விழுகிறது. அம்மாப் பொம்மை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரை நகரவே இல்லை.

பதினோரு தடவை போடச் சொன்னாள். காக்கா வரும்போதெல்லாம் சிரித்தாள். பிறகு தன் தலையைத் தொட்டுக்கொண்டு, படத்தைக் காட்டி, என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவரைப் பார்த்தாள். அவரும் ஆட்டினார். புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

பிறகு எழுந்து போய் அம்மாப் பொம்மையை எடுத்தாள். அதன் வாயை நான் ஈர்க்குச்சியால் ஒரு கோடாகத்தான் கீறியிருந்தேன். அந்தக் கோட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மாவு பிளந்து வாய் திறந்தது. பொம்மையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டிப் பார்த்தாள். மறுபடி காத்திருந்தாள்.

அப்புறம் அதை என் கையில் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை அவர் கை ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, ஷிப்டு முடிந்ததென்று. அவளும் பதிலுக்கு வைத்தாள்.

இப்போது பத்தரை. கம்பி எவ்வளவு தூரம் போயிற்று என்று யாரும் இன்னும் வந்து சொல்லவில்லை. கேட்குமா, எவ்வளவு கேட்கும் என்பதெல்லாம் அதற்கும் பிறகு, மூன்று வாரம் கழித்துக் கருவியை இயக்கும்போதுதான்.

டைரி எடுக்கப் பையைத் திறந்தபோது அம்மாப் பொம்மை கையில் தட்டியது. முழுக்கக் காய்ந்துவிட்டது. வாய் திறந்தபடியே இருக்கிறது.